ஈரப்பதம் நாற்பத்தைந்து

விலை கேட்கப் போனவள் நான்.
கேள்வி கேட்டது அவர்.
பூனை உண்டா வீட்டில்?
உண்டு. பெயர் பீட்ரூட்.
சுவரில் மாட்டுவீர்களா, பெட்டியிலா?
பெட்டியில்.
விறகடுப்பு?

இல்லை என்றேன்.
பிர்ச் மரச் சிராய் ஒன்று
அப்போதும் என் கையுறையில் ஒட்டியிருந்தது.

மூஸ் ஜாவில் ஒரு நிலவறை.
பதினொரு கிதார்கள்.
பல் மருத்துவர் ஒருவருக்குக் கணக்கெழுதும்
கார்னீலியஸ் வீபி
பன்னிரண்டாவதற்குப் பணம் கட்டிவிட்டார்.
டஜன் ஆனால் நான் என் தங்கை வீட்டுக்கு என்று
மாடியிலிருந்து மனைவியின் குரல் வந்தது.
ஆகவே ஒன்று போயாக வேண்டும்.

மூன்றை எடுத்து வைத்தார்.

முதலாவதின் கழுத்தெல்லாம் முத்துச்சிப்பி.
எந்த ஸ்வரத்தைத் தொட்டாலும்
அதே புன்னகை.

இரண்டாவது பெரிய உடம்பு.
மடியில் அலமாரியைத் தூக்கி வைத்ததுபோல்
வலது தோள் காதுவரை ஏறிற்று.
நல்ல சத்தம்தான்,
எனக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு.

மூன்றாவது சிறியது.
தேவதாரு முகம், வால்நட் முதுகு.
ஒலித்துளையின் ஓரமெல்லாம்
யாரோ ஒருவரின் நகக்கீறல்.
பாலத்துக்குப் பின்னால் ஒட்டிய விரிசல்.
கைக்கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தேன்:
காயத்தின் குறுக்கே மூன்று சின்ன மரத்துண்டுகள்,
ஒன்றுபோல் ஒன்று இல்லாமல்,
அவரே செதுக்கியவை.

ஆறாம் தந்தியைத் தட்டினேன்.
உடனே பேசவில்லை.
ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு பேசியது.
பேரம் பேச வைத்திருந்த வாக்கியம்
அங்கேயே எங்கோ விழுந்துவிட்டது.

இரண்டரை மணிநேரம் வடக்கே.
மைனஸ் முப்பத்தாறு.
ஊர்ச் சாலைக்கெல்லாம் பனி தள்ளுகிறவள்
என் வாசலில் முழங்கால்வரை புதைந்து
பெட்டியைத் தலைக்குமேல் தூக்கி நடந்தேன்.

போனதும் திறக்காதீர்கள் என்றிருந்தார்.
உள்ளே இருக்கும் குளிர்
தானாக வெளியே வரட்டும்.
அவசரப்பட்டால் மெருகு வெடிக்கும்,
சிலந்தி வலைபோல, ஒரே நொடியில்.
விடியும்வரை பொறுங்கள்.

பொறுத்தேன்.
கொக்கியில் இரண்டு தடவை கை போயிற்று.

அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.
பூனையைத் தொட்டால் பொறி பறக்கும் காற்று.
புதிதாய் வாங்கிய மானி
பதினெட்டு என்றது.
பதினெட்டில் மரம் சுருங்கும்.
கட்டுக்கம்பிகளின் முனை
பால்பல்போல் வெளியே துருத்தும்.
மூன்று துண்டுகள் பிடித்து வைத்திருப்பது
எவ்வளவு நாள் பிடிக்கும்?

இரவு பதினொன்றரைக்கு
விறகைக் கிளறி அணைத்தேன்.
குளியல் தொட்டியில் வெந்நீர் நிரப்பி
துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல் பெட்டியைக் கிடத்தி
இருந்த ஒரே மின்சார ஹீட்டரையும்
அதன் பக்கம் திருப்பி வைத்தேன்.
இரண்டு ஸ்வெட்டர், ஒரு குல்லாய், நான்கு காலுறை.
விவாகரத்துக்குப் பிறகு
இன்னொருவருக்காகக் குளிரில் படுத்தது
இதுதான் முதல் தடவை.

காலையில் திறந்தேன்.
பென்சில் சீவிய வாசனை.
ஆறு தந்திக்கும் ஆறு கருத்து.
ஒவ்வொன்றாய்ச் சமாதானம் செய்து
ஜி பிடித்தேன், சி பிடித்தேன்.
எஃப் வரவில்லை.
ஆள்காட்டி விரல் குறுக்கே படுத்தும்
இரண்டாம் தந்தி டப் என்றது.
மறுபடி. டப்.
பதினான்காவது தடவை
டப்புக்குள் ஏதோ ஒன்று லேசாக மணியடித்தது.
பீட்ரூட் கதவருகே வந்து உட்கார்ந்தது.

கைப்பேசி ஒளிர்ந்தது.
கார்னீலியஸ்:
எவ்வளவு காட்டுகிறது?

மானியைப் பார்த்தேன். முப்பத்தொன்று.
நாற்பத்தைந்து என்று எழுதி அனுப்பினேன்.

பிறகு எழுந்து போய்
இன்னொரு பாத்திரம் தண்ணீர் வைத்தேன்.
பூனை அதைக் குடித்துக்கொண்டிருக்கிறது.